சென்னியப்பன் வாங்காத விசிட்டிங் கார்டு

உக்காருங்க தம்பி. இப்பத்திக்கு கரண்ட் வராதுங்க. இன்னைக்கு மாசாந்திரப் பராமரிப்புன்னு பேப்பர்லயே போட்டிருந்தான். காத்தால ஒம்பது மணிக்குப் போனா மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் வருவான். இங்க கார்டு டிசைன் பண்ற புள்ள சௌந்தர்யா கம்ப்யூட்டரப் பேட்டரியில சித்த நேரம் ஓட்டிப் பாத்துச்சு, அதுவும் கீய்னு கத்திட்டு நின்னு போச்சு. டீ குடிக்கப் போயிருக்குது, வந்துரும். நானும் அதுக்குத்தான் உக்காந்திருக்கறேன்.

விசிட்டிங் கார்டுங்களா? நெனச்சேன். கையில பேப்பர்ல எழுதிக் கொண்டாந்திருக்கறீங்களே. ஏனுங்க, என்ன வியாபாரம்? மரச்செக்கு எண்ணெயா! அட, அருமையான தொழிலுங்க. கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய்னு வரிசையாப் போட்டு, பக்கத்துல ஒரு செக்குப் படம். யாருக்குக் குடுத்தாலும் சிரிச்சுக்கிட்டே வாங்கிச் சட்டைப் பையில வெச்சுக்குவாங்க. உங்களுக்கெல்லாம் கார்டு அடிக்கறது ஒரு வேலைங்களா? என்ற கதையக் கேளுங்க. ஒரே வருசத்துல இது எனக்கு மூணாவது கார்டு.

நானா? சொல்றேன். சொன்னொன்னே எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிரக் கூடாது. ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடறனுங்க. ஆமாங்க, அதேதான். இறந்தவிங்கள வெக்கற கண்ணாடிப் பொட்டி. பாத்தீங்களா, நாற்காலிய நகத்தறீங்க! நகத்துங்க, நகத்துங்க, பரவால்ல. எனக்குப் பழகிப் போச்சு.

எம்பேரு வெள்ளிங்கிரி. பால் சொசைட்டியில கூலர் மெக்கானிக்கா இருபது வருசம் இருந்தனுங்க. லிட்டர் லிட்டரா பாலு கெடாமப் பாத்துக்கிட்டவன். அந்த வேலை போன பொறவு, கையில இருக்கறது குளிரு வித்தைதானே, வேற என்ன பண்றதுன்னு இதுல எறங்கிட்டேன். ஆறு வருசமாச்சு. கோபி சுத்துவட்டாரத்துல என்ற பொட்டி போகாத தெரு இல்லீங்க. நடுவுல ஒருக்காக்கூட நின்னதில்ல. கரண்ட் போனா ஜெனரேட்டர், ஜெனரேட்டர் நின்னா நானு. விடிய விடிய பக்கத்துலயே உக்காந்துக்குவேன்.

ஆனா ஒன்னுங்க. இந்தத் தொழிலுக்கு வந்ததுல இருந்து வாயில ஒரு வார்த்தை நின்னு போச்சு. எழவு வூட்டுல இருந்து கெளம்பறப்ப "போயிட்டு வர்றேன்"னு சொல்லக் கூடாதுங்கள்ல? பேசாம எந்திரிச்சு வந்தரோணும். ஆறு வருசமா அப்படியே வந்து வந்து, இப்ப நல்ல வூட்டுல இருந்தும் பேசாம எந்திரிச்சு வந்தர்றேன். போன மாசம் சம்பந்தி வூட்டுல கறிச்சோறு தின்னுபோட்டு, கை கழுவுன கையோட, ஒரு வார்த்தை சொல்லாம செருப்பப் போட்டுட்டு வந்துட்டனுங்க. அவிய இன்னும் என்ற பொண்டாட்டிகிட்ட கேட்டுக்கிட்டு இருக்காங்க, கொழம்புல உப்பு கூடப் போச்சான்னு.

சரி, கார்டுக்கு வர்றேன். பொட்டி வாங்கி அஞ்சு வருசம் கார்டே இல்லாமத்தான் ஓட்டுனேன். ஆம்புலன்ஸ் டிரைவருங்க நம்பர் குடுப்பாங்க, அவ்ளோதான். இந்த வருசந்தான், தொழில்னு ஒன்னு இருந்தா கார்டுன்னு ஒன்னு இருக்கோணுமில்லன்னு இங்க வந்தேன். அந்தப் புள்ளைக்கும் எனக்கும் மொத நாளே அக்கப்போரு. மேல என்ன சாமி போடறதுன்னு மட்டும் அரை நாளு பேசுனோம். பிள்ளையார் போட்டா எடுத்தது நல்லா நடக்கோணும்னு அர்த்தம், அது வேண்டாம். சிவன் போடலாம்னா, கூப்புட்டுக்கறவரு அவரு, நாம என்னமோ அவருக்கு ஏஜெண்டுன்னு நெனச்சுக்குவாங்க. "எமதர்மராஜா போடட்டுங்களா அங்கிள், நேரடியா இருக்கும்"னு கேட்டுச்சுங்க அந்தப் புள்ள. சிரிக்கக்கூட இல்ல. கடைசியில சாமியே வேண்டாம்னு என்ற போட்டோவப் போட்டேன். கருப்புக் கலர்ல, வெள்ளை எழுத்துல, நான் கும்புட்டுக்கிட்டு நிக்கற மாதிரி. பளிச்சுன்னு இருந்துச்சு.

வூட்டுல கொண்டு போயிக் காட்டுனா, மயிலாத்தா, அதான் என்ற பொண்டாட்டி, கையில வாங்கி ரெண்டு பக்கமும் பாத்துட்டு, "ஏனுங்க, இது கார்டா, கண்ணீர் அஞ்சலியா?"ங்கறா. அவளுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டு, டீக்கடையில ஒரு கட்டு வெச்சுட்டு வந்தேன். மூணாம் நாளு காத்தால கதவு தட்டற சத்தம். தொறந்தா, நம்பியூர்ல இருந்து ஒருத்தரு, பழைய சொசைட்டி ஆளு, கையில ரோஜாப்பூ மாலை. என்னையவே பாத்துக்கிட்டு நிக்கறாரு. நானும் அவரையே பாக்கறேன். "கார்டு பாத்தேன், பதறிப் போயி வந்துட்டேன்"ங்கறாரு. மாலைய என்ன பண்றதுன்னு தெரியாம அந்த மனுசன் என்ற கழுத்துலயே போட்டுட்டு, காப்பி குடிச்சுட்டுப் போனாருங்க. மயிலாத்தா ஒரு வாரம் சிரிச்சா.

அந்தக் கார்ட எரிச்சாச்சு. அப்பறம் ரெண்டாவது. இந்தத் தடவை நான் உசாராயிட்டேன். ஜனங்க எந்தக் கார்டத் தூக்கிப் போட மாட்டாங்க? நீங்களே சொல்லுங்க பாக்கலாம். காலண்டர் இருக்கற கார்டு! பின்னாடி வருசக் காலண்டர், முகூர்த்த நாளுக்கெல்லாம் செவப்புப் புள்ளி. பர்சுல வெச்சே தீருவாங்க. சௌந்தர்யாகிட்டச் சொன்னேன். அதோட கம்ப்யூட்டர்ல ஒரு ஸ்வீட் கடைக்குப் போட்ட டிசைன் ரெடியா இருந்துச்சு. சுத்தியும் பூவு, மூலைக்கு மூலை குத்துவெளக்கு. "பேரும் நம்பரும் மட்டும் மாத்திக்கலாம் அங்கிள்"ன்னுச்சு. எனக்கும் புடிச்சுது. கலகலன்னு இருந்துச்சு. ஆயிரம் கார்டு. ஊரெல்லாம் குடுத்தேன். ஒருத்தரும் ஒன்னும் சொல்லல, வாங்கி வாங்கிப் பாத்துட்டு ஒரு மாதிரி சிரிச்சாங்க. சரி, டிசைன் எடுபட்டுருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

எல்லாரும் வாங்குனாங்க. சென்னியப்பன் மட்டும் வாங்கல.

அதானுங்க என்ற கதையே. சென்னியப்பன் யாருன்னு கேப்பீங்க. வெல்ல மண்டி வெச்சிருக்கறவன். நானும் அவனும் மூணாங்கிளாஸ்ல இருந்து ஒன்னு. அவனுக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப நாந்தான் கூடப் போனேன். பொண்ணு காப்பி கொண்டாந்து நிக்குது, இவன் வெக்கப்பட்டுக்கிட்டுத் தலையவே தூக்கல. நாந்தான் பாத்து "சரி"ன்னு சொன்னேன். ருக்குமணி இன்னைக்கு வரைக்கும் அதச் சொல்லிக் காட்டும். "என்னையப் பாத்துச் சரின்னது வெள்ளிங்கிரி அண்ணன், கட்டிக்கிட்டது இவரு"ன்னு. அப்படிப்பட்ட பழக்கம்.

டீக்கடையில நாலு பேரு இருக்கறப்ப, "இந்தாடா, புதுக் கார்டு"ன்னு நீட்டுனனுங்க. அவன் பாத்தான். கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டான். "இத நீயே வெச்சுக்க"ன்னுபோட்டு டீயப் பாதியில வெச்சுட்டுப் போயிட்டான். எனக்கு எப்படி இருக்கும்? அவன் மண்டிக் கார்டு என்ற பர்சுல இன்னும் இருக்குதுங்க. இந்தா, பாருங்க. நான் என்ன வெல்லமா விக்கறேன்? இருந்தாலும் சிநேகிதக்காரன் குடுத்தான்னு வெச்சிருக்கறனா இல்லியா? இவன் ஒரு அட்டைய வாங்குனா கை வெந்தா போயிரும்?

அப்ப அவன் ஆளே ஒரு மாதிரியாத்தான் இருந்தான். தாடி எடுக்கறதில்ல. கண்ணு உள்ள போயிருச்சு. வாரத்துல ரெண்டு நாளு மண்டியச் சாத்திப்போட்டு கோயமுத்தூரு போயிருவான். கேட்டா மருமகனுக்கு எடம் பாக்கறேம்பான். ருக்குமணியையும் எங்கியும் காணோம். கோயிலுக்கு வர்றதில்ல, விசேசத்துக்கு வர்றதில்ல. மயிலாத்தா ஒருக்கா போனதுக்கு வாசல்லயே நிறுத்தி, "அவ தூங்கறா"ன்னு சொல்லி அனுப்பிட்டான். எடம் வாங்கற அளவுக்கு வந்தாச்சில்ல, இனி நம்மள மதிக்க மாட்டான்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

எனக்கும் வீம்பு வந்துருச்சுங்க. உன்னைய வாங்க வெக்காம விடறதில்லன்னு. ஒரு நாளு அவன் இல்லாத நேரமாப் பாத்து மண்டிக்குப் போயி, மேசைக் கண்ணாடிக்கு அடியில, அவன் பேத்தி போட்டோவுக்குப் பக்கத்துல, கார்டச் சொருகிட்டு வந்தேன். மறுநாளு காத்தால, பொட்டி வெக்கற என்ற ஷெட்டு ஷட்டர்ல அதே கார்டு சொருகியிருக்குது.

சரின்னு ஆடி வெள்ளிக்குப் பண்ணாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்தப்ப ஒரு யோசனை. பிரசாதத்த யாராவது வேண்டாம்பாங்களா? குங்குமம், புத்துமண்ணு, பூவு, எலுமிச்சம்பழம் எல்லாம் ஒரு கவர்ல போட்டு, அடியில நம்ம கார்ட வெச்சேன். வழியில அவனப் பாத்து, "ருக்குகிட்டக் குடு"ன்னேன். ரெண்டு கையிலயும் வாங்குனானுங்க. கண்ணுல ஒத்திக்கிட்டான். கண்ணு கூடக் கலங்குச்சு. பக்தி முத்திப் போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டு, ஜெயிச்சுட்டேன்னு சீட்டியடிச்சுக்கிட்டே வூட்டுக்குப் போனேன்.

அன்னைக்குச் சாயங்காலமே ஷெட்டுக்கு வந்தான். அவன் சத்தம் போட்டு நான் பாத்ததே இல்லீங்க தம்பி, அம்பது வருசத்துல. "நீயெல்லாம் மனுசனாடா"ன்னு கேட்டான். "அம்மன் குங்குமத்தோட எதடா வெச்சுக் குடுக்கற"ன்னு கேட்டான். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுங்களா? "பின்னாடி காலண்டர் இருக்குதுடா, நல்ல நாளு பாத்துக்கலாமில்ல"ன்னேன்.

அப்படிப் பாக்காதீங்க தம்பி. எனக்கு அப்ப ஒன்னுமே தெரியாதுங்க. சத்தியமா.

இருவது நாளு பேச்சு இல்ல. நானும் போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் சொன்னேன், ஒரு கார்டுக்கு இவ்ளோ அலட்டலான்னு. மயிலாத்தாதான், "அந்த மனுசன் காரணமில்லாம கத்த மாட்டாரு, ஒருக்கா வூட்டுக்குப் போயிப் பாருங்க"ன்னா. நானாவது போறதாவது? அப்பறம் ஒரு நாளு போன் வந்துச்சு. ருக்குமணி. "அண்ணா, ஒருக்கா வூட்டுக்கு வாங்க. அவரு மண்டிக்குப் போன பொறவு வாங்க"ன்னுச்சு. குரலு ரொம்பச் சின்னதா இருந்துச்சு. ஆகா, புருசனுக்காக மன்னிப்புக் கேக்கத்தான் கூப்புடுதுன்னு சலவைச் சட்டையா எடுத்துப் போட்டுக்கிட்டுப் போனேன்.

முன் ரூம்புல கட்டல் போட்டிருந்தாங்க. அதுல உக்காந்திருந்துச்சு. தலையில துண்டு கட்டியிருந்துச்சு. துண்டுக்குள்ள முடி இல்ல. கையெல்லாம் குச்சியாட்ட இருந்துச்சு. கோயமுத்தூர்ல எடம் பாக்கப் போகல அவன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கான், எட்டு மாசமா. வயித்துல வந்த கட்டி, அங்கங்க பரவிப் போச்சாம்.

நான் எத்தனையோ வூட்டுக்குப் போறவனுங்க. ஆனா எல்லாம் முடிஞ்ச பொறவு போறவன். அதுக்கு முந்தி இருக்கற வூட்டுல என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல. நின்னுக்கிட்டே இருந்தேன். உக்காருங்கண்ணான்னு ரெண்டு தடவை சொல்லுச்சு. உக்காந்தேன். எதாவது சொல்லோணுமேன்னு, "வெயில் அதிகமா இருக்குது"ன்னேன். அன்னைக்கு மழைங்க.

தலையணைக்கு அடியில இருந்து என்ற கார்ட எடுத்துச்சு. எனக்கு உசுரே போயிருச்சு. "அண்ணா, இத நீங்க படிச்சுப் பாத்துத்தான் அடிச்சீங்களா?"ன்னு கேக்குது. ஆமான்னேன். "பின்னாடி, காலண்டருக்குக் கீழ, கடைசி வரி படிங்க"ன்னுச்சு. கண்ணாடியப் போட்டுப் படிச்சேன்.

"நன்றி. மீண்டும் வருக."

ஸ்வீட் கடைக்காரன் டிசைனுங்களே! பேரும் நம்பரும் மாத்துனோம், அத யாரும் பாக்கல. ஆயிரம் கார்டு தம்பி. கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் குடுத்திருக்கறேன். நான் யாருக்கெல்லாம் குடுத்தேன்னு வெரல் விட்டு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கறேன், ருக்கு சிரிக்குதுங்க. வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே சிரிக்குது. "எட்டு மாசத்துல நான் சிரிச்சது இதுக்குத்தாங்கண்ணா. அவரு கிழிக்கப் போனாரு, நாந்தான் புடுங்கி வெச்சுக்கிட்டேன். ராத்திரி வலி வந்தா எடுத்து ஒருக்கா படிச்சுக்குவேன்"ன்னுச்சு.

எங்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டேன். நாங்கூட மனுசன்தானே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்தக் கூத்தெல்லாம் அடிச்சிருப்பனா? அதுக்கு அது சொல்லுச்சு, "அவரால முடியலீங்கண்ணா. ஊர்ல யாருகிட்ட வேணாலும் சொல்றேன், வெள்ளிங்கிரிகிட்ட மட்டும் சொல்ல முடியாது, அவனப் பாத்தாலே அந்தப் பொட்டிதான் கண்ணுக்குத் தெரியுதுன்னு அழுவறாரு"ன்னு. எனக்கு ரொம்ப வலிச்சுதுங்க. அம்பது வருசத்துச் சிநேகிதனுக்கு நான் பொட்டியாத் தெரிஞ்சிருக்கறேன்.

அப்பறம் அது கூப்புட்ட விசயத்துக்கு வந்துச்சு. கார்டத் திருப்பி, நம்பரத் தொட்டுக் காட்டுச்சு. "இந்த எழுத்து ரொம்பச் சின்னதா இருக்குதுங்கண்ணா. கண்ணாடி இல்லாம அவருக்குத் தெரியாது"ன்னுச்சு. கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாக்கட்டுமேன்னேன். "கண்ணாடிய எங்க வெச்சாருன்னு அவருக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்குது? தெனமும் நாந்தானே தேடிக் குடுக்கறேன். அன்னைக்கு யாருங்கண்ணா தேடிக் குடுப்பா?"ன்னுச்சு.

அவனுக்கு என்ற நம்பர் மனப்பாடமாச்சேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியும் பாத்தேன். "அன்னைக்கு அவருக்கு அவரு பேரே ஞாபகம் இருக்காது. எவனாவது வந்து நான் பாத்துக்கறேம்பான், இவரு தலைய ஆட்டுவாரு. நீங்கதான் வரோணும். நம்பரப் பெருசா, நல்லாப் பெருசாப் போட்டு ஒரு கார்டு கொண்டாங்க. அவரு வேட்டி அடுக்குக்கு அடியில வெச்சர்றேன். வேட்டி எடுக்கறப்ப கையில தட்டுப்படும்"ன்னுச்சு. அப்பறம், "ரொம்பக் குளிரா வெச்சராதீங்க, எனக்குக் குளிரு ஆகாது"ன்னு சொல்லி மறுபடியும் சிரிக்குது. நான் அழுதுட்டனுங்க. ஆறு வருசமா எத்தனை வூட்டுல நின்னிருக்கறேன், ஒரு வூட்டுலயும் அழுததில்ல. சலவைச் சட்டையிலயே மூக்கத் தொடச்சுக்கிட்டேன்.

இருக்க முடியாம எந்திரிச்சேன். பழக்கதோசம், பேசாம செருப்பப் போட்டுட்டேன். உள்ள இருந்து கூப்புட்டுச்சு. "அண்ணா, போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க. இது இன்னும் அந்த வூடு ஆகல." திரும்பிப் போயி நின்னேன். வாய் வர மாட்டீங்குது. தலைய மட்டும் ஆட்டிட்டு வந்துட்டேன்.

இதாச்சு, ரெண்டரை மாசம். கார்டு இன்னும் அடிக்கல.

அடிக்கத்தான் வர்றேன். வாரா வாரம் இங்க வர்றேன், சௌந்தர்யா ஒரு ப்ரூஃப், அதான் மாதிரி அட்டை, எடுத்துக் குடுக்கும், அத எடுத்துக்கிட்டு ருக்குகிட்டப் போவேன். மொத வாரம் நம்பரு பத்தாதுன்னுச்சு. மறுவாரம் பெருசு பண்ணிக் கொண்டு போனா, பச்சைக் கலரு நல்லால்லன்னுச்சு. நீலம் போட்டேன். நீலம் சோப்புக் கவராட்ட இருக்குதுன்னுச்சு. குத்துவெளக்க எடுங்கன்னுச்சு, எடுத்தேன். அடுத்த வாரம் வெளக்கு இருந்தாத்தான் களையா இருந்துச்சுங்குது. பாவமுங்க, அதுக்கு டிசைன் விசயமெல்லாம் பத்தாது. எனக்கும் அது தோதாப் போச்சு. நாமா இழுத்துக்கிட்டுப் போறதுக்கு, அதாவே ஒவ்வொரு வாரமும் ஒரு குத்தம் கண்டுபிடிச்சுக் குடுக்குது. நான் வேணும்னே இழுக்கறேன்னு இதுவரைக்கும் அதுக்குச் சந்தேகமே வரல பாருங்க.

அவன் மண்டியில இருக்கற நேரமாப் பாத்துப் போயி, ஒரு மணி நேரம் உக்காந்திருப்பேன். இப்பக் கொஞ்சம் பேச வருது. மயிலாத்தா கூட வருவா, கஞ்சி வெச்சுக் குடுப்பா. மாலை போட்ட கதையச் சொல்லிச் சிரிப்பா. ரெண்டு பொம்பளைங்களும் சேந்துக்கிட்டு என்ற மானத்த வாங்குவாங்க.

சென்னியப்பனா? அதச் சொல்லாம விட்டுட்டனே. போன வாரம் நடந்துச்சுங்க. நாங்க ப்ரூஃபக் கட்டல் மேல விரிச்சு வெச்சுப் பேசிட்டு இருக்கறோம், திடுதிப்புன்னு உள்ள வந்துட்டான். மண்டியில இருந்து பாதியில வந்திருக்கான். எனக்கு எடுத்து ஒளிச்சு வெக்கக்கூட நேரமில்ல. அவன் பாத்தான். என்னையப் பாத்தான், ருக்குவப் பாத்தான், அந்த அட்டையப் பாத்தான். கைய முதுகுக்குப் பின்னால கொண்டு போறானோன்னு பாத்தேன். நீட்டுனானுங்க. "குடு"ன்னான்.

குடுத்தேன். வாங்குனான்.

சட்டைப் பையத் தடவுனான், கண்ணாடி இல்ல. ருக்கு எந்திரிக்கப் பாத்துச்சு. வேண்டாம்னு கை காட்டிட்டான். அட்டைய அப்படியே தள்ளிப் புடிச்சு வாசிச்சான். நம்பர் அவ்ளோ பெருசு, வாசிக்க முடிஞ்சுது. ஒன்னொன்னா, சத்தமா, பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சொல்ற மாதிரி பத்து நம்பரும் வாசிச்சான். ருக்கு அவனவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்பறம் திருப்பிப் பின் பக்கத்தப் பாத்தான். கடைசி வரியப் பாத்தானா இல்லியான்னு தெரியல. ரொம்ப நேரம் அந்தக் காலண்டர் மேலயே வெரல வெச்சுக்கிட்டு நின்னான். "இது இந்த வருசத்துதுடா. இன்னும் ரெண்டு மாசத்துல பழசாயிரும். அடுத்த வருசத்துது போட்டுக் கொண்டா"ன்னான். அவ்ளோதான் பேசுனது. உள்ள போயி மூணு டம்ளர்ல காப்பி கலக்கிக் கொண்டாந்தான். வாயில வெக்க முடியல. சக்கரையே போடல, வெல்ல மண்டிக்காரன்! ருக்கு மட்டும் நல்லா இருக்குதுன்னு குடிச்சுது.

அதுக்குத்தான் வந்திருக்கறேன் இன்னைக்கு. காலண்டர் மாத்தோணும்.

அட, ஃபேன் சுத்துது பாருங்க! கரண்ட் வந்துருச்சு. அந்தப் புள்ளையும் வந்துருச்சு. வா கண்ணு. இந்தத் தம்பி செக்கெண்ணெய்க் கார்டுக்கு வந்திருக்காரு, இவருக்கு மொதல்ல பாத்துக் குடு. என்ன, நேத்து போன்ல சொன்ன மாதிரி என்ற கார்டுக்குப் பின்பக்கத்த மாத்தி ரெடியா வெச்சிருக்கறயா? காட்டு பாக்கலாம்.

ம். நம்பர் பெருசாத்தான் இருக்குது. வெளக்கு இருக்குது. கடைசி வரிய எடுத்தரட்டுமாவா? இல்ல கண்ணு, அது இருக்கட்டும். அத எடுத்தா ருக்குவுக்குக் கோவம் வந்துரும். காலண்டர் அடுத்த வருசத்துது போட்டாச்சா? சரிதான். நல்லாத்தான் இருக்குது.

கண்ணு, ஒன்னு பண்ணு. அதையும் எடுத்துரு. அதுக்கும் அடுத்த வருசத்துது போடு. ஆமா, அதுக்கும் அடுத்தது. என்ன? பஞ்சாங்கமே வரலியா? முகூர்த்த நாளு தெரிய இன்னும் ஒரு வருசம் ஆகுமா?

ஆகட்டும். பஞ்சாங்கம் வரட்டும், வந்தொன்னே அடிச்சுக்கலாம். எனக்கு ஒன்னும் அவசரமில்ல. அதுவரைக்கும் வாரத்துக்கு ஒரு ப்ரூஃப் மட்டும் எடுத்துக் குடுத்துக்கிட்டு இரு. இன்னைக்கு வேற கலர்ல ஒன்னு குடு, இந்த ஊதா எப்படி இருக்கும்? குடு குடு. கண்டிப்பா நல்லால்லன்னுதான் சொல்லும்.

தம்பி, உங்க கார்டுல கடைசி வரி என்ன போட்டிருக்காங்கன்னு ஒருக்கா படிச்சுப் பாத்துக்கங்க. நான் கெளம்பறேன், அங்க ருக்கு பாத்துக்கிட்டு இருக்கும். ஏனுங்க, செருப்பப் போட்டுட்டுத் திரும்பி வந்து நிக்கறேன்னு பாக்கறீங்களா? சொல்லிப் பழகிக்கிட்டு இருக்கறனுங்க, வாரா வாரம் அந்த வூட்டு வாசல்ல சொல்லோணுமில்ல.

போயிட்டு வர்றனுங்க.